அடைக்கலம் வெட்டாத ஒயர்

அடைக்கலம் இறந்த செய்தி வந்தபோது நான் திருப்பத்தூர் தாலுகா ஆபீஸில் பட்டா நகல் எழுதிக்கொண்டிருந்தேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்த என் மைத்துனன் மேசைக்கு முன்னால் நின்று, "அத்தான், மைக்செட் அடைக்கலம் அண்ணன் தவறிட்டாக. விடியக்காலம் நெஞ்சுவலின்னாக" என்றான். பேனாவை மூடி வைத்தேன். தலைக்கு மேலே டியூப்லைட்டின் சோக்கு உம்மென்று இரைந்துகொண்டிருந்தது. பத்து வருடமாக அந்தச் சத்தத்துக்கு அடியில் என்னால் உட்கார முடிந்ததில்லை. எழுந்து போய் விளக்கை அணைத்தேன். ஆபீஸில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அது என் வழக்கம் என்று அவர்களுக்குத் தெரியும்.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. என்னால் முடியாது. நாங்கள் இருவரும் ஒரே வயது, வாயைத் திறந்தால் 'மாப்ளே'தான். அவனை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அவனை அறிந்ததாக நினைத்திருப்பவர்களுக்குச் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது.

அறுபதுகளின் பிற்பாதியில் காரைக்குடியில் எங்கள் மெல்லிசைக் குழு இருந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். சேது பாடுவான். நான் எலக்ட்ரிக் கிட்டார். சொந்தமாக மைக்செட் வைத்திருந்த அடைக்கலத்துக்கு ஒலி பொறுப்பு. கிட்டாருக்கென்று மதுரையில் பழையதாக ஒரு ஆம்ப்ளிபயர் பெட்டி வாங்கியிருந்தேன். அது மேடையில் என் பக்கத்தில் இருக்கும். அடைக்கலத்தின் மைக் ஆம்ப்ளிபயர் பந்தலின் மறு கோடியில் இருக்கும். கிட்டார் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டுமே என்று என் பெட்டியிலிருந்து அவன் பெட்டிக்கு ஒரு ஒயர் இழுப்போம். அந்த ஒயரைச் சொருகிய நொடியில் உம்ம்ம் என்று ஒரு இரைச்சல் கிளம்பும். நான் வாசித்தாலும் கேட்கும், வாசிக்காவிட்டாலும் கேட்கும். கோட்டையூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பச்சி மேடை ஏறி வந்து, "தம்பி, தம்புராவுக்குன்னு தனியா ஆள் கூட்டியாந்திருக்கீகளா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடைக்கலம் செய்யாத வைத்தியம் இல்லை. வால்வு மாற்றினான். ஒயரைப் பெட்டிகளை விட்டுத் தள்ளி இழுத்துப் பார்த்தான். கல்யாண வீடுகளில் எர்த்துக் குழி எங்கே என்று தேடிப் போய் உப்பும் தண்ணீரும் ஊற்றினான். ஒரு நாள் சோதனைக்காக என் பெட்டியின் பிளக்கைத் திறந்து எர்த்து ஒயரைக் கழற்றினான். இரைச்சல் பட்டென்று நின்றது. எனக்கு உயிர் வந்தது. அவனோ அந்த ஒயரைத் திரும்ப மாட்டித் திருகாணியை முடுக்கினான், இரைச்சலும் திரும்ப வந்தது.

"ஏண்டா மாட்டுற? அதான் போயிருச்சே."

"போயிரும் மாப்ளே. எர்த்து இரைச்சலுக்குன்னு வச்சதில்ல, உசிருக்குன்னு வச்சது. கொஞ்சம் பொறு, வேற வழி கண்டுபிடிச்சுத் தாறேன்."

நான் பொறுக்கவில்லை. பொறுத்திருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. அடுத்த வாரம் என் வீட்டில் உட்கார்ந்து, பிளக்கைத் திறந்து, சவரபிளேடால் அந்த எர்த்து ஒயரை வெட்டிவிட்டு மூடினேன். கச்சேரியில் இரைச்சல் இல்லை. அடைக்கலம் ஆச்சரியப்பட்டான். "மதுரையில கொடுத்துப் பாத்தேன், சரிபண்ணிட்டாக" என்று புளுகினேன். "நம்மளால ஆகாததை மதுரைக்காரன் பண்ணிட்டானே" என்று என்னைக் கட்டிக்கொண்டான். அதில் பொறாமை ஒரு துளியும் இல்லை. மூன்று கச்சேரிகளில் தலை நிமிர்ந்து வாசித்தேன். அந்த மூன்றிலும் இரண்டு பெட்டிகளையும் இணைத்த ஒயர்தான் என் பெட்டிக்கும் எர்த்தாக இருந்து எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது.

நான்காவது கச்சேரி சிங்கம்புணரியில், மாசி மாதத்தில் ஒரு கல்யாண வீடு. பிற்பகல் நான்கு மணி. விருந்தாளிகள் வருமுன் முற்றத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுத்தாகிவிட்டது. இணைப்பு ஒயரை அடைக்கலம் இன்னும் இழுக்கவில்லை. நான் வெற்றிலை வாங்கத் தெருவுக்குப் போயிருந்தேன். சேது விளையாட்டாக என் கிட்டாரை மாட்டிக்கொண்டு, ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, மைக்கில் வாயை வைத்து 'ஹலோ' என்றிருக்கிறான். பழைய பெட்டிக்குள் எங்கோ கசிந்த மின்சாரம் தந்தி வழியாக அவன் கைக்கு வந்து வாய் வழியாக மைக்குக்குப் போயிருக்கிறது. நான் கடையில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தபோது குழாய் ஸ்பீக்கரில் அந்தப் பாதி ஹலோவைக் கேட்டேன். இன்றும் கேட்கிறேன்.

ஓடி வந்தபோது சேதுவைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அடைக்கலம் என் பெட்டியின் பிளக்கைத் திறந்து கையில் வைத்திருந்தான். பிளேடு வெட்டிய முனையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். போலீஸ்காரர் வந்து இதையெல்லாம் மாட்டியது யார் என்று கேட்டபோது, "எல்லா ஒயரிங்கும் நாந்தாங்கய்யா. நாந்தான் வெட்டுனேன்" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் திறக்கவில்லை.

விபத்து என்று எழுதி அவர்கள் முடித்துக்கொண்டார்கள். ஊர் முடித்துக்கொள்ளவில்லை. 'ஆளைக் கொன்ன மைக்செட்' என்றார்கள். கல்யாணத்துக்கோ திருவிழாவுக்கோ அவனை யாரும் அதன் பிறகு கூப்பிடவில்லை. ரேடியோ பழுது பார்த்துக் குடும்பத்தை ஓட்டினான். எனக்குச் சர்க்கார் வேலை கிடைத்தது. நல்லவர்களுக்குக் கிடைக்கும் என்றார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து என்னைக் கடைக்கு வரச்சொன்னான். என் பெட்டியும் அவன் பெட்டியும் இரண்டு மூலைகளில் இருந்தன, நடுவே அதே இணைப்பு ஒயர். கிட்டாரை என் கையில் கொடுத்தான். தொடப் பயந்தேன். "தொடு, எர்த்து சரியா இருக்கு" என்றான். தொட்டேன். துளி இரைச்சல் இல்லை. இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே சுவிட்சுப் பலகையிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தான், அவ்வளவுதான். "தனித்தனி எடத்துல எர்த்து எடுத்தா, இணைப்பு ஒயரோட சேந்து ஒரு வளையமாயிருது மாப்ளே. அதுக்குள்ளதான் உறுமுது. ஒரே எடத்துல எடுத்தா வளையமே இல்ல. ஒரு நீள ஒயர் போதும். அப்ப புத்திக்கு எட்டல."

நான் அழுதேன். ஏன் உன் மேல் போட்டுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"இரைச்சலை எடுக்குறது என் வேலை. நான் எடுத்துக் குடுத்திருந்தா நீ ஏன் பிளேடைத் தொடப்போற?" என்றான். பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. நானாக எடுக்க எனக்கு எங்கே துப்பு இருந்தது?

சேதுவின் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடாவருடம் மாசியில் சேது இறந்த நாளில் நான் அவர் வீட்டுக்குப் போவேன். "வா அப்பு, நீ ஒருத்தன்தான் என் புள்ளைய மறக்கல" என்று உள்ளே கூட்டிப்போய், சேதுவுக்குப் பிடித்த கந்தரப்பம் சுட்டுக் கொடுப்பார். அதே நாளில் அடைக்கலமும் வருவான். படலுக்கு வெளியே, தெருவில், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். ஆத்தா மண்ணை வாரித் தூற்றுவார். "என் புள்ளையத் தின்னவனே, நீ நல்லாருப்பியா" என்பார். அவன் தலை குனிந்து கேட்டு முடித்துவிட்டு சைக்கிளை எடுப்பான். நான் உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பேன். ஆமாம், தின்றேன். ஒன்பது வருடம் தின்றேன்.

செய்தி கேட்டுக் காரைக்குடிக்குப் போனேன். அடைக்கலத்தின் உடலை எடுக்கும்போது கூட்டத்தில் ஒருவர், "ஒரு உசிரை வாங்குன பாவம், நாப்பது வயசுகூட முடியல பாருங்க" என்றார். அடைக்கலத்தின் மனைவி செல்லம்மாள் காதில் அது விழுந்தது. எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

"அண்ணே, எங்கிட்டயும் தான்தான் வெட்டுனதாத்தான் சொல்லிட்டுப் போயிட்டாக. ஆனா அவுக ரேடியோவுக்குக்கூட எர்த்து இல்லாமக் குடுக்க மாட்டாக. நீக கூடவே இருந்தீகளே. அவுகளா வெட்டுனாக?"

"இல்லம்மா. நான் வெட்டுனேன்."

அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சேதுவின் வீட்டுக்குப் போனேன். ஆத்தா அடுப்படியில் இருந்தார். "அந்தப் பாவி செத்தானாமே" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பிளேடு, மதுரை என்று சொன்ன பொய், போலீஸ்காரர், ஒன்றையும் விடவில்லை. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கையாலதானே அவன் மேல மண்ணை வாரிப் போட்டேன். ஒரு தடவைகூட நானில்லன்னு சொல்லலையே" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "வெளிய போ" என்றார்.

போனேன். படலைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது நான் தெருவில் நின்றுகொண்டிருந்தேன், ஒன்பது மாசிகளில் அவன் நின்ற அதே மண்ணில்.

அடைக்கலத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்த ஓரடி இடம். வருகிற மாசியில் அங்கே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். உயிருள்ள வரை அது என்னுடையது.