நான்கு பச்சைக் கட்டங்கள்

மான்செஸ்டரில் இறங்குகிற விமானங்கள் ஸ்டாக்போர்ட்டின் கூரைகளை உரசாத குறையாகத்தான் போகும். ஊரில் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கிளெனிஸ் ஓலர்டன் மட்டும் பார்ப்பாள். பின்கட்டில் துணி காயப்போடும்போது கிளிப்பை வாயில் கடித்தபடி அண்ணாந்து நின்று, பிறகு கைபேசியை எடுத்து அந்த விமானம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவாள். போர்ட்டோ. போலோன்யா. கிராக்கோ. பெயரைப் படித்ததும் முகம் சுண்டிப்போகும். அவளுக்குப் போர்ட்டோ மேல் ஆசை ஒன்றும் கிடையாது. அந்த விமானத்தில் தன் தோழி மாக்ஸீன் பக்கத்து இருக்கையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல்.

கிளெனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் ஒன்பது வருடம் ஓடி நின்றுபோனது, பிள்ளை இல்லை. டாக்டர்கள் மூன்று பேர் இருக்கிற ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். காலை எட்டு மணிக்குத் தொலைபேசி திறந்ததும் பாதி ஊர் வரிசையில் நிற்கும். உண்மையான நெஞ்சுவலி எது, திங்கட்கிழமை வேலைக்குப் போகப் பிடிக்காமல் வந்த தலைவலி எது என்று குரலை வைத்தே பிரித்துவிடுவாள். அவளைத் தாண்டி டாக்டரைப் பார்ப்பது குதிரைக் கொம்பு என்று ஊரில் பேச்சு. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்கத்து நாற்காலி மாக்ஸீனுடையது. பத்தொன்பது வருடப் பழக்கம். வருடா வருடம் செப்டம்பரில் இருவரும் வேல்ஸ் கடற்கரையில் லான்டட்னோவுக்கு ஒரு வாரம் போவார்கள். அதே விடுதி, அதே அறை, மழை பெய்தால் சீட்டாட்டம், மழை விட்டால் கடலோரம் நடை. மழை பெரும்பாலும் விடாது. மாக்ஸீனின் கணவன் இறந்த வருடம்கூட அந்த வாரம் தப்பவில்லை. சீட்டைக் கலைத்துப் போட்டபடியே மாக்ஸீன் அழுதாள், கிளெனிஸ் அவள் சீட்டையும் சேர்த்து ஆடினாள். நட்பு என்றால் அதுதான் என்று கிளெனிஸ் நினைத்திருந்தாள். பிறகு விடுதிக்காரி இடத்தை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டாள். அதே கோடையில் கிளினிக்குக்கு டாம்சின் வந்து சேர்ந்தாள்.

டாம்சினுக்கு முப்பத்தொன்று. மோசமான பெண் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காது, கிளெனிஸ் தேடிப் பார்த்துவிட்டாள். வந்த மாதத்திலேயே மாக்ஸீனிடம் கைபேசியில் கிராக்கோவுக்கு ஒரு மலிவு விமானச் சீட்டைக் காட்டினாள்.

“லண்டனுக்கு ரயில்ல போற காசுல பாதிகூட ஆகாது மாக்ஸீன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினா ஞாயித்துக்கிழம ராத்திரி வீட்ல. திங்கக்கிழம காலைல இங்க உக்காந்து ஃபோன் எடுக்கலாம்.”

“பெட்டி?”

“பெட்டியெல்லாம் எதுக்கு? சீட்டுக்கு அடில வெக்கிற மாதிரி ஒரு பை. மிச்சத்த மேல மாட்டிக்க வேண்டியதுதான். நான் போன தடவ மூணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் போனேன்.”

மாக்ஸீன் சிரித்தாள். பிறகு திரும்பி, “நீயும் வாடி கிளெனிஸ். ரெண்டு ராத்திரிதானே” என்றாள்.

“ரெண்டு ராத்திரிக்கு எதுக்குடி பறக்கணும்? இங்க இல்லாத காபியா அங்க? கால் வீங்க கல்லுத் தெருவுல நடக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?”

எங்கள் ஊரில் ஒரு முறை வேண்டாம் என்பது மரியாதை. கேக்கை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்போம். மறுபடி நீட்டுவார்கள், ஐயோ பரவாயில்லை என்று எடுத்துக்கொள்வோம். கிளெனிஸ் அந்தக் கணக்கில்தான் சொன்னாள். மாக்ஸீன் மறுபடி நீட்டவில்லை. அவளும் டாம்சினும் கிராக்கோ போனார்கள்.

அதற்கப்புறம் சொல்லவா வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு ஊர். ஊருக்குப் போய்வந்தவர்கள் இனிப்பு வாங்கிவந்து கோப்பு அலமாரி மேல் வைக்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். திங்கட்கிழமை காலையில் புரியாத எழுத்துப் போட்ட பெட்டி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். டாக்டர்கள் வரை வந்து ஆளுக்கொன்று எடுத்துப் போவார்கள். கிளெனிஸ் தொடமாட்டாள். சர்க்கரை கூடாது என்பாள். மதியம் மேசை இழுப்பறைக்குள் கையைவிட்டு சாக்லேட் தின்பாள்.

அவர்களுக்குள் தனிச் சிரிப்பு ஒன்றும் வளர்ந்துவிட்டது. ஏதோ ஒரு சமையல்காரர், ஏதோ ஒரு தவறான பேருந்து. டாம்சின் ஒரு சொல் சொன்னால் போதும், மாக்ஸீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பாள். நடுவில் கிளெனிஸ், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, யாருடைய மூலநோயையோ கேட்டுக்கொண்டிருப்பாள். பத்தொன்பது வருடத்தில் தான் மாக்ஸீனை அப்படிச் சிரிக்க வைத்ததே இல்லை என்று தோன்றும். அன்றைக்கெல்லாம் நோயாளிகள் பாடு திண்டாட்டம்தான்.

அக்டோபரில் ஒருவரிடமும் சொல்லாமல் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாள். மாக்ஸீன் இன்னொரு முறை கேட்டால், “சரி, உனக்காக வேணா வரேன்” என்று சொல்லக் கண்ணாடி முன் பழகிக்கூட வைத்திருந்தாள். நவம்பர் போனது. யாரும் கேட்கவில்லை.

டிசம்பரில் தேநீர் அறைக் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே டாம்சின் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஈஸ்டருக்கு அடுத்த நாலு நாள் லீவு போட்டா, வெள்ளி, திங்கள் விடுமுறையோட சேந்து பத்து நாள். லிஸ்பன் போயிட்டு வந்து தூங்கவும் நேரம் இருக்கும். ஜனவரி ரெண்டாம் தேதி காலைல மொத வேலையா பேர் எழுதிடுவோம்.”

லீவு எழுதுவதற்கென்று வரவேற்பறைச் சுவரில் வருட அட்டவணை ஒன்று மாட்டியிருக்கும். பேனாவால் எழுதித் துணியால் அழிக்கிற வழவழப்பான தாள். கிளெனிஸுக்குப் பச்சை, மாக்ஸீனுக்குச் சிவப்பு, டாம்சினுக்கு நீலம். நான்காமவள் பெவ்வுக்கு லீவு என்றால் ஆகஸ்ட் தவிர வேறு மாதமே தெரியாது. முதலில் எழுதியவருக்கே நாள். ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் லீவு கிடையாது. கிளெனிஸ் அன்றிரவே கணக்குப் போட்டுவிட்டாள். இரண்டில் ஓர் இடத்தைத் தான் பிடித்தால் மிச்சம் ஒன்று. ஒன்றில் இருவர் போக முடியாது.

ஜனவரி இரண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு, துப்புரவுப் பெண்ணுக்கு முன்னால், கிளெனிஸ் கிளினிக்கைத் திறந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு கட்டங்களையும் பச்சையால் நிரப்பினாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷம்தான் கூடுதல்.

ஏழே முக்காலுக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். டாம்சின் அட்டவணையைப் பார்த்து, “போச்சு லிஸ்பன்” என்றாள். மாக்ஸீன் பச்சைக் கட்டங்களையே ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அதே நான்கு நாட்களில், கிளெனிஸ் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுக் கிளெனிஸைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.

அந்தப் புன்னகை கிளெனிஸைப் பிடுங்கித் தின்றது. ‘உன் சூழ்ச்சி எனக்குப் புரிந்துவிட்டது, டாம்சின் இல்லாமலும் போவேன்’ என்று காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டாள். யாரோடு போவாள்? பிரஸ்டனில் இருக்கும் தங்கையோடா? அந்தத் தங்கை மேலும் பொறாமை மூண்டது, ஆளைப் பார்த்ததுகூட இல்லை.

ஜனவரி முழுக்க மாக்ஸீன் இவளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். “ஈஸ்டருக்கு என்னடி யோசன?” என்பாள். “வீட்ல வேல கெடக்கு” என்பாள் கிளெனிஸ். மறுவாரம், “அந்த நேரத்துல தெக்க எல்லாம் நல்ல வெயில் அடிக்குமாமே” என்பாள். “அடிக்கும், அடிக்கும்” என்று கிளெனிஸ் கணினியையே பார்த்துக்கொண்டிருப்பாள். வேண்டுமென்றே குத்துகிறாள் என்று நினைத்தாள். பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், தொலைபேசி ஓய்ந்திருந்த நேரம், மாக்ஸீன் தன் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள்.

“பாஸ்போர்ட் எல்லாம் ஒழுங்கா இருக்கா உனக்கு?”

புதுப் பாஸ்போர்ட் வீட்டு அலமாரியில், உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதைச் சொன்னால் ஏங்கிக் கிடந்தது தெரிந்துவிடும். “எனக்கு எதுக்கு அது?” என்றாள் கிளெனிஸ்.

மறுநாள் காலை சிவப்புக் கட்டங்கள் நான்கும் அழிந்திருந்தன. மதியத்துக்குள் அங்கே டாம்சின் தன் நீலத்தைப் போட்டாள், காதலனோடு எங்கோ மலையேறப் போகிறாளாம். கிளெனிஸுக்கு அது வெற்றி மாதிரிதான் இருந்தது. அந்த வாரம் நோயாளிகள் கேட்ட நேரமெல்லாம் கிடைத்தது.

வெற்றி மார்ச் இரண்டாம் திங்கட்கிழமை வரை நீடித்தது. அன்று அலமாரி மேல் இத்தாலிய எழுத்துப் போட்ட பெட்டி.

“எப்ப போனீங்க?” என்று பெவ் கேட்டாள்.

“சனிக்கிழம, நானும் மாக்ஸீனும்” என்றாள் டாம்சின். “காலைல ஆறு மணி ஃப்ளைட். மிலன்ல மதியச் சாப்பாடு, நாலு தெரு சுத்தினோம், ராத்திரி வீட்ல வந்து படுத்தாச்சு. எல்லாரும் இப்ப அப்படித்தான் பெவ். ரூமும் வேணாம், லீவும் வேணாம்.”

லீவும் வேண்டாம். கிளெனிஸ் சுவரில் இருந்த தன் பச்சையைப் பார்த்தாள். ஏழு மணிக்குக் கதவைத் திறந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிய வேலி. ஒரே சனிக்கிழமையில் தாண்டிக் குதித்துவிட்டார்கள். அவளுக்கு அழுகை வந்தது, கோப்பு எடுக்கிற சாக்கில் பின்னறைக்குப் போனாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை மதியம், தேநீர் அறையில் அவளும் மாக்ஸீனும் மட்டும் இருந்தார்கள்.

“பத்து நாள். எங்க போற?” என்றாள் மாக்ஸீன்.

“எங்கயும் இல்ல.”

“அப்போ எதுக்குடி போட்ட?”

கிளெனிஸ் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள்.

“நானே சொல்றேன் கேளு” என்றாள் மாக்ஸீன். “ஜனவரில அந்தப் பச்சையப் பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கழுதைக்கு வாயத் தொறந்து வரேன்னு சொல்லத் தெரியல, இப்படிச் சொல்லுதுன்னு நெனச்சேன். என் பேரப் பக்கத்துலயே எழுதினேன். லிஸ்பன்ல ரெண்டு கட்டில் போட்ட ரூம்கூடப் பாத்து வெச்சேன். நீயே சொல்லுவ, நீயே சொல்லுவன்னு ரெண்டு மாசம். கடைசில பாஸ்போர்ட்டக் கேட்டேன். எதுக்குன்னுட்ட.” கோப்பையை மேசையில் வைத்தாள். “எனக்காகத்தானே போட்ட?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாக்ஸீன் முகம் அதற்குக் காத்திருந்தது. கிளெனிஸ் வாயைத் திறந்தாள். ஆனால் எதிரே நின்றவளும் பத்தொன்பது வருடமாகக் குரலை வைத்துப் பொய்யைப் பிரிக்கிறவள்.

“இல்ல” என்றாள். “நீ அவளோட போகக் கூடாதுன்னு போட்டேன்.”

மாக்ஸீன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். கையைத் துடைத்தாள். “அப்போ நான் அழிச்சதுதான் சரி” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

அவள் கதவருகே போனபோதுதான் கிளெனிஸுக்கு வார்த்தை வந்தது.

“மாக்ஸீன். என்னையும் ஒரு தடவ கூப்பிடுடி.”

“ரெண்டு தடவ கூப்பிட்டேன்” என்றாள் மாக்ஸீன். வெளியே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவள் எடுக்கப் போனாள்.