புல்தரைக்காக ஒரு பொய்

நான் ஒரு பொய் சொன்னேன். புல்தரைக்காகச் சொன்னேன். அதைப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியின் நெஞ்சில் இறக்கிவைத்துவிட்டு, இன்றுவரை வாய் திறக்காமல் இருந்துவிட்டேன்!

போயும் போயும் புல்லுக்காகவா என்று முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள்...

ஐம்பதுகளில் என் கணவருக்குக் குளத்தூரில் ஓவர்சியர் வேலை. வீட்டு முன்புறம் அருகம்புல்லால் ஒரு புல்தரை வளர்த்தேன். அந்த வெயிலில் வருஷம் முழுக்கப் பச்சையைக் காப்பாற்றுவது விளையாட்டா? மழைக்காலத்தில் கோரையைக் கிழங்கோடு தோண்டுவேன். பனி தொடங்கியதும் சலித்த தொழுவுரத்தை மணலோடு கலந்து தூவுவேன். சித்திரையில் குளித்த தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். ஒட்ட வெட்டினால் வேர் கருகிவிடும் என்று கோடையில் அரிவாளையே ஒளித்துவைப்பேன். பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்த்துப் புகழ்ந்துவிட்டுப் போன பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வீட்டுக் கமலம் தினமும் விடியலில் வந்து அதில் நுனிப்புல் கிள்ளுவாள். இரண்டு முறை கரு தங்காமல் போனவள். மறுபடி முழுகாமல் இருந்தாள். "இந்தத் தடவையாவது தங்கணும்க்கா" என்று, நாள் தவறாமல் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஊரெங்கும் புல் காய்ந்துவிட்ட கோடை. என் வீட்டில்தான் பச்சை. அவள் கிள்ளிய இடமெல்லாம் சொட்டை விழுந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

கிள்ளாதே என்று நேராகச் சொல்லியிருக்கலாமே? சொன்னால், சாமிக்குப் புல் தர மறுத்தவள் என்று தெரு பேசும்! நான் நல்லவளாகவும் இருக்க வேண்டும், புல்லும் இருக்க வேண்டும்...

"எப்படிச் சொல்றதுன்னே தெரியலை கமலம். எங்க நாய் தினம் இங்கிட்டுத்தான் வந்து காலைத் தூக்குது. இப்பத்தான் பார்த்தேன்" என்றேன்.

எங்கள் நாய் கொல்லைப்புறத்துச் சங்கிலியை விட்டு வந்ததே கிடையாது.

அவள் கையிலிருந்த புல் கீழே விழுந்தது. "அய்யோ, இத்தனை நாளும் இதையாக்கா சாமிக்குச் சாத்துனேன்?" என்றாள். அதன்பின் அவள் புல்லுக்கு வரவில்லை. சொட்டைகள் மூடிக்கொண்டன. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, சீ!

ஆடி பிறப்பதற்குள் அவளுக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்தது. பிறந்ததுமே இறந்தும் போயிற்று.

பார்க்கப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நாய் அசிங்கம் பண்ணுன புல்லைச் சாத்துனவளுக்கு எப்படிக்கா தங்கும்? எம்பிள்ளைய நானே கொன்னுட்டேன்" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் சொன்னது பொய்யடி என்று ஒரே ஒரு வாக்கியம்! நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் மாமியார் பக்கத்தில் நின்றிருந்தார். நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பதில் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு கமலம், தெரியாமச் செஞ்சதுதானே. சாமி மன்னிச்சிரும்."

நான்... அவளுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்தேன்!

அவள் என் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்களாவது சொன்னீங்களேக்கா... இல்லாட்டி இன்னமும் சாத்திக்கிட்டேல்ல இருந்திருப்பேன்."

அந்த மழைக்காலத்திலேயே எங்களுக்கு மாற்றல் வந்தது. அவளிடம் உண்மையைச் சொல்லாமலே பஸ் ஏறினேன். கமலம் உயிரோடிருந்தால், தன் பிள்ளையைத் தானே கொன்றதாகத்தான் இன்றும் நம்பிக்கொண்டிருப்பாள்.