பிடரியில் இருந்த குழி

களிமண் தலைக்குக் காலையும் மாலையும் ஈரத்துணி மாற்றுவது சிற்பியின் மனைவி வேலை. மண் காய்ந்தால் வெடித்துவிடும். அன்று துணியை உரித்தவள், பிடரியில் பட்ட கையை எடுக்கவில்லை. இரண்டு மடிப்பு, கீழே இடப்பக்கமாகச் சின்னக் குழி. சைக்கிளிலிருந்து விழுந்ததில் வந்த குழி.

"என்னங்க, இது என் தம்பி கழுத்து."

சிற்பி சிலையின் மூக்கை வழித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

இருபத்திரண்டு வருடம் வாரப் பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போட்டவர். கதை கைக்கு வந்த அன்றே படம் வேண்டும்; ஆளுக்கு எங்கே போவது? வீட்டில் இருந்தவர்களையே போட்டார். கதாநாயகிகளுக்கு மனைவியின் மோவாய், வில்லனுக்கு மாமனார் காது. பத்திரிகை புகைப்படத்துக்கு மாறியதும் மார்பளவுச் சிலைக்கு வந்தார். பழக்கமும் கூடவே வந்தது. போட்டோவில் தெரியாததை வீட்டிலிருந்து எடுப்பார். "பெரிய மனுஷங்க பாதிப் பேர் எங்கப்பா காதோடதான் நிக்கிறாங்க" என்று அவளே சிரித்ததுண்டு.

மூன்று வருடத்துக்கு முன் தம்பி தவறிப்போனபோது, சின்னதாக ஒரு தலை செய்து தரச் சொன்னாள். நல்ல போட்டோ இல்லை, மனசிலிருந்து செய்ய வராது என்றுவிட்டார்.

"அன்னிக்கு வராதது இப்ப எப்படி வந்துச்சு?"

"வேணும்னே செஞ்சேனா? கை தானா போச்சு."

"நான் கேட்டப்ப அந்தக் கை எங்க போச்சு? ஹெட்மாஸ்டர் சம்சாரம் வர்றதுக்குள்ள குழியை அடைங்க. இல்லைன்னா நானே சொல்லிடுவேன், இது யாருன்னு."

வாசலில் கார் நின்றது. சிலைக்குரிய, இறந்துபோன தலைமையாசிரியரின் மனைவி. இரண்டு முறை வந்து "இது அவர் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனவர். இன்றும் அதையே சொன்னால், சிலை வைக்கும் பள்ளிக்கூடம் வேறு சிற்பியைப் பார்க்கும். சிற்பி ஒரு மண் உருண்டையைக் கிள்ளி எடுத்துக் குழியில் வைப்பதற்குள் அந்த அம்மாள் உள்ளே வந்துவிட்டார்.

முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பின்பக்கம் போனார். பிறகு பிடரியில் கை வைத்தார்.

"இவர்தான். முப்பது வருஷம் ஸ்கூட்டர்ல இந்தக் கழுத்தைப் பார்த்துக்கிட்டேதானே போனேன்." விரல் குழியில் நின்றது. "இது... ஞாபகம் இல்லையே. இருந்திருக்கும். சார், இனிமே எதையும் தொடாதீங்க."

சிற்பியின் மனைவி வாயைத் திறந்தாள். கையில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. சிற்பி அவளையே பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

"நாளைக்கு அச்சு எடுத்ததும் மண்ணைப் பிச்சுப் போட்டுடுவீங்க" என்றாள் மனைவி. "அச்சு ரெண்டு பாதிதானே? பின்பாதியில எனக்கு ஒண்ணு வார்த்துக் குடுங்க. மூஞ்சி வேண்டாம். கழுத்து போதும்."

காரிலிருந்து அந்த அம்மாள் "சார்" என்று கூப்பிட்டார். சிற்பி மண் உருண்டையை மேஜையில் வைத்தார், கையை வேட்டியில் துடைத்தார், வெளியே போனார்.