ஆரஞ்சுக் கோட்டு

நாடகப் படிப்பின் கடைசித் தேர்வில் எழுத்து, மேடை, உடை எல்லாமே நம்முடையதாக இருக்க வேண்டும். எனக்கு அது இரண்டாவது முறை, அதற்கு மேல் வாய்ப்பில்லை. தேறினால் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் உடை தயாரிக்கும் வேலை. தவறினால் இப்போது வேலை செய்யும் ஒரகடத்து ஆலையிலேயே காலம் முழுக்க ஸ்க்ரூ முடுக்க வேண்டியதுதான்.

நடிக்க வேறு யார் வருவார்கள்? ஆலையில் என்னோடு அசெம்பிளி லைனில் நிற்கும் தூத்துக்குடி அக்காவையும் பக்கத்து லைன் பெண்ணையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்தேன். நாடகத்தில், அம்மா செத்த சேதி வந்து அக்கா லீவு கேட்கிறாள். சூப்பர்வைசராக வரும் பக்கத்து லைன் பெண் மறுக்கிறாள். "நான் போறேன்" என்று கத்திவிட்டு அக்கா வெளியேற வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் நாடகத்தையே எழுதினேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியில், சுடிதாரோடு நடந்த ஒத்திகையில் அக்கா கத்தினால் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்க்கும்.

நடிகர் வாய் திறக்கும் முன்பே உடை பேச வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நானும் என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். ஆலையில் எங்களுக்கு நீலக் கோட்டு, சூப்பர்வைசருக்கு ஆரஞ்சு. மூன்று தடவை சாயத்தில் முக்கி, அச்சு அசலாக அதே ஆரஞ்சைக் கொண்டு வந்தேன். அது காய்ந்ததே தேர்வன்று காலையில்தான்.

மேடையில் ஆரஞ்சுக் கோட்டு நுழைந்ததும் அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தலை தாழ்ந்தது. லீவு கிடையாது என்ற வசனம் வந்தது.

"சரிங்க மேடம்" என்றாள் அக்கா. பெஞ்சில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"போறேன்னு சொல்லுக்கா! இன்னாக்கா பண்றே?" என்று பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அடித்தொண்டையில் கதறினேன். அவள் திரும்பவே இல்லை.

"அந்தக் கோட்டப் பாத்ததும் வாய் எழும்பலட்டி. நான் என்னத்தச் செய்ய?" என்று வெளியே வந்து அழுதாள். அவளை அறையலாம் போலிருந்தது. ஆனால் கோட்டைச் சாயத்தில் முக்கியெடுத்தவள் நான்தானே.

தேர்வாளர் கூப்பிட்டார். "நீ எழுதின முடிவு மேடையில வரவே இல்லையேம்மா. பாஸ் போட முடியாது."

உடை தன் வேலையைச் செய்ததே, அதற்கு மதிப்பெண் இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

"சரிங்க சார்" என்றேன்.