பாதி உயிருள்ள எட்டு ஐ.சி.கள்

நாலாவது பஸ் ரூட்டைக் கம்ப்யூட்டரில் அடிக்கும்போதெல்லாம் திரையின் அடியில் அந்த வரி வந்து நின்றுவிடும்: ‘அவுட் ஆஃப் மெமரி.’ என் வீட்டுக்காரர் எதையாவது அழிப்பார், சுருக்குவார், மறுபடி அடிப்பார். கீழ்பென்னாத்தூர், போளூர், செங்கம் வண்டிகள் ஒழுங்காக ஓடும். வேட்டவலம் வண்டிக்கு மட்டும் உள்ளே இடம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர். ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். டி.வி.யில் மாட்டினால் எழுத்து தெரியும். டேப் ரெக்கார்டர் கேசட்டில் சேமித்து வைக்கலாம்.

என் வீட்டுக்காரர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கண்டக்டர். படியிலிருந்து வழுக்கி விழுந்ததில் முழங்கால் போய்விட்டது. நாலு மாதமாக, வண்டிகளுக்கு நேரம் போடும் டைம் ஆபீசில் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள், தற்காலிகமாக. முதலாளி பாய், ஊரில் பழைய குடும்பத்துக்காரர், சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்: “கார்த்திகை தீபத்துக்கு ஏழு ரூட்டு ஸ்பெஷல் வண்டிக்கும் உன் பொட்டிய டைம் போடச் சொல்லு. போட்டுச்சுன்னா இங்கியே உக்காரு. இல்லன்னா தீபம் முடிஞ்சதும் பைய மாட்டிக்கினு வண்டில ஏறு.” வருஷா வருஷம் நாலு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து போடுகிற வேலை அது. அப்போதும் இரண்டு வண்டி ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

அவர் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல நின்றால் முகம் வெளுத்துவிடும். பஸ்ஸில் எப்படி நிற்பார் என்று நினைத்தாலே எனக்குப் பயம். ஆனால், எனக்கு எதற்குத்தான் பயமில்லை? அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை போய்ப் பார்க்கிறவள் நான்.

கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கச் சொன்னதும் நான்தான். எட்டாவதோடு படிப்பு நின்ற பிறகு, கல்யாணம் ஆகும்வரை மாமாவின் ரேடியோ கடையில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தேன். ஆறு ஸ்குரு. உள்ளே ஒரு பச்சை போர்டு. அதில் ஓரமாக எட்டுச் சாக்கெட்டுகள் காலியாக இருந்தன. எதையோ போடத்தான் இடம் விட்டிருக்கிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வெள்ளைக்காரர் விட்டுப்போன காகிதங்களில் ஒரு ஜெராக்ஸ் பக்கத்தில் அதே எட்டுச் சாக்கெட்டின் படம் இருந்தது. எந்த மெமரி ஐ.சி. போடவேண்டும் என்றும் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கம்பித்துண்டை இடதுபக்கமோ வலதுபக்கமோ ஈயம் வைத்து இணைக்கச் சொல்லி இரண்டு படம். எப்போது எது என்று விளக்கும் வரி ஜெராக்ஸில் விழாமல் வெட்டுப்பட்டிருந்தது.

மெட்ராஸ் வண்டியில் போகும் கண்டக்டர் தம்பி ஒருவர், என் வீட்டுக்காரரின் கூட்டாளி, ரேடியோ சாமான் விற்கும் தெருவில் விசாரித்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“அண்ணி, பன்னெண்டு இருக்குது. வேணும்ங்கறத பொறுக்கிக்கினு மீதிய குடுத்துடணுமாம். இன்னா இது, பூரான் குட்டியாட்டம் இருக்குது?”

பதினாறு கால் வைத்த கறுப்புப் பூரான்கள்தான். கையில் இருக்கும் மின்சாரமே அவற்றைக் கொன்றுவிடும், முதலில் பூமியோடு சேர்ந்த இரும்பைத் தொடு என்று ஜெராக்ஸில் போட்டிருந்தது. ஒவ்வொரு ஐ.சி.க்கும் எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைப் பிடித்துவிட்டு வந்தேன்.

“அண்ணன விட நீங்கதான் ஜாஸ்தி நடக்கறீங்க இன்னிக்கு” என்றார் தம்பி.

எட்டைப் போட்டோம். கம்பியை வலதுபக்கம் வைத்தேன். மெமரி எவ்வளவு இருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. தெருவின் கடைசி வீட்டு நம்பரைக் கேட்கிற மாதிரி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். முன்பு அது 32767 என்று சொல்லும். இப்போதும் 32767 என்றே சொன்னது. ஒரு வீடுகூடக் கூடவில்லை.

“செத்துப்போனத வித்துட்டானா?” என்றார் அவர். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை வெயிலில் பன்னிரண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி வைத்தேன். அரிசியில் கல் பொறுக்குகிறவளுக்கு ஒரே மாதிரி இருக்கும் பன்னிரண்டு பொருள் ஒரே மாதிரி தெரியாது. முதுகில் எழுதியிருந்த எழுத்துகள் எல்லாம் ஒன்றுதான், கடைசி எண்ணைத் தவிர. சிலவற்றில் மூன்று, சிலவற்றில் நாலு. எண்ணினால் ஏழு மூன்று, ஐந்து நாலு. நேற்று கலந்து போட்டிருந்தோம்.

“அது எந்த மாசம் செஞ்சதுன்னு இருக்கும்மா” என்றார் வீட்டுக்காரர்.

“பெரிய நம்பர்தான் ஒசத்தி அண்ணி. நாலா பாத்துப் போடுங்க” என்றார் தம்பி.

“ஒசத்தின்னா, ஏன் தம்பி ரெண்டையும் ஒரே டப்பால போட்டு வச்சிருக்கான்?”

அவரிடமே ஐந்து நாலுகளையும் கடையில் திருப்பிக் கொடுத்து, மூன்று போட்ட ஐ.சி. ஒன்றும் அந்த எண்ணுக்கு அர்த்தமும் கேட்டு வரச் சொன்னேன். அவர் திரும்பி வரும்வரை இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் பாதி. மீதிப் பாதி, அந்த மூன்றும் நாலும் என்னவாக இருக்கும் என்கிற அரிப்பு.

“அண்ணி, எல்லாமே பாதி அவுட்டு!” என்று வாசலிலிருந்தே கத்தினார் தம்பி. “பெரிய ஐ.சி. செய்யறப்ப பாதி கெட்டுப்போச்சுன்னா தூக்கிப் போட மாட்டானாம். நல்ல பாதிய மட்டும் வச்சு விக்கறானாம். மூணுன்னா ஒரு பக்கம் உசுரோட இருக்குது, நாலுன்னா மறுபக்கம். எட்டும் ஒரே மாதிரி இருக்கணுமாம். மூணுன்னா கம்பி இடதுபக்கம். கடைக்காரர் சீட்டுல எழுதியே குடுத்துட்டாரு.”

எட்டும் சேர்ந்துதான் ஒரு எழுத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன, ஆளுக்கு ஒரு துண்டாக. எந்தப் பக்கம் தேடு என்று கம்பி ஒரே உத்தரவு போடுகிறது. அன்று கம்பி வலதுபக்கம் இருந்ததால், மூன்று போட்டவை செத்த பக்கத்தில் தேடியிருக்கின்றன. எந்தப் பாதி செத்தது என்பதை, கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள், யாரோ எங்கோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்து, முதுகில் எண் எழுதியிருக்கிறார்களே! அவர்கள் எப்படிச் சோதித்திருப்பார்கள் என்று அன்று முழுக்க வீட்டுக்காரரைக் கேட்டுத் துளைத்தேன். அவருக்கும் தெரியவில்லை. பாதி செத்தவற்றை நம்பி அவருடைய நாற்காலியை வைக்கிறோமே என்கிற பயம் அதன் பிறகுதான் வந்தது.

எட்டு மூன்றுகள். கம்பி இடதுபக்கம். கட்டளையை அவர் அடித்தார். 65535.

“இன்னொரு தடவ கேளுங்க” என்றேன். கேட்டார். அதையே சொன்னது. “இன்னொரு தடவ.” நாலாவது தடவை அவர் என்னை முறைத்தார்.

ஏழு ரூட்டும் உள்ளே போயின. டி.வி.யைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாயே வீட்டுக்கு வந்தார். திரையில் வரிசையாக வந்த நேரங்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பிறகு, “செங்கம் வண்டி ஒண்ணு வழியில நின்னுபோச்சுன்னு வையி. அப்ப?” என்றார்.

வீட்டுக்காரர் ஒரு எண்ணை மாற்றினார். திரை வெறுமையாகிவிட்டது. இரண்டு நிமிஷம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிஷத்தில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு, கேசட்டிலிருந்து மறுபடி ஏற்றவேண்டும். நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்னாய்யா, தூங்கிடுச்சா?” என்றார் பாய்.

“யோசிக்குதுங்க.”

நேரங்கள் வந்தன. மீதி வண்டிகள் செங்கத்துக்கு வழிவிட்டு நகர்ந்திருந்தன, எங்கும் இரண்டு முட்டவில்லை. பாய் வெகுநேரம் படித்தார். பிறகு நிமிர்ந்து, “இதுல டிரைவருங்க எப்பய்யா சாப்புடுவாங்க?” என்றார்.

எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. ரூட்டுக்கு இரண்டு பேராகப் பதினான்கு டிரைவர்களும் எங்கள் கணக்கில் காலையிலிருந்து பட்டினியாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

“போட்டுடலாங்க” என்றார் வீட்டுக்காரர். “இப்ப எடம் இருக்குது.”

பாய் செருப்பை மாட்டிக்கொண்டார். “நாளைக்கு சாப்பாட்டோட சேத்து எழுதி எடுத்துக்கினு வா. அந்த நாற்காலியில கை ஒண்ணு ஆடுது, ஆணி அடிச்சு வைக்கச் சொல்றேன்.”

அவர் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தோம். பிறகு வீட்டுக்காரர் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார்.

“சாப்பாட்டுக்கு அரமணி போதுமா?”

“கை கழுவ வேணாமா? முக்கா மணி போடுங்க” என்றேன்.

நாற்பத்தைந்து என்று அடித்தார்.