அடிப்பனி சரியில்லை

சானமாவு காட்டுச் சாலையில் முக்கால் மணி நேரமாகக் காரை நிறுத்திவைத்திருக்கிறேன். முன்னால் தக்காளி லாரி, பின்னால் கம்பெனி பஸ். யானைக் கூட்டம் கடக்கும்வரை யாரும் நகரக் கூடாதாம். பெங்களூரில் விமானம் பிடித்து, மணாலிக்கு மேலே ஆளில்லாத மலையில் நானும் நண்பன் செந்திலும் நாங்களே ஏறிப் பனியில் சறுக்கி இறங்குவதாகத் திட்டம்.

இந்த நேரம் பார்த்து அங்கிருக்கும் வழிகாட்டி ஒரு வீடியோ அனுப்புகிறார். சரிவில் இடுப்பளவு குழி வெட்டி, பனி உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க ஓரத்துப் பனியை மேலிருந்து தட்டுகிறார். நாலாவது தட்டிலேயே புதுப்பனி மொத்தமும் பலகை போல நழுவி விழுகிறது. அடியில் பழைய பனி சர்க்கரை மாதிரி உதிர்கிறது. சீசன் ஆரம்பம், அடிப்பனி இன்னும் இறுகவில்லை, பெரிய சரிவில் இறங்கினால் பனி மொத்தமாகச் சரிந்து ஆளை மூடிவிடும் என்கிறார்.

"இதுக்காக விட்ருவியா? மறுபடி லீவு யார்றா குடுப்பான்?" பக்கத்தில் செந்தில் கத்துகிறான். இருவரும் ஒரே ஃபேக்டரி. அவன் சொல்வதும் பொய்யில்லை.

வனக் காவலர் ஒருவர் காரின் மேலே கட்டியிருக்கும் நீளப் பையைத் தட்டிப் பார்க்கிறார்.

"இன்னாங்க சார் இது, கதவு நெலையா?"

"பனியில சறுக்கற கட்டைங்க."

"சறுக்கி உழறதுக்கா இவ்ளோ அவசரம்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேல், யானை மேல், பனி மேல் எரிச்சலாக வருகிறது. ஆனாலும் அந்தக் குழி கண்ணை விட்டுப் போகவில்லை. பெரிய சரிவு வேண்டாம், கீழே சாய்வு குறைந்த இடமே போதும் என்று வழிகாட்டிக்கு எழுதி அனுப்புகிறேன். எட்டிப் படித்த செந்தில் இறங்கி, கதவை அறைந்து சாத்திவிட்டு, பின் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறான்.