எஸ்தர் சித்தி போகாத ஊர்கள்

வழவழப்பான காகிதத்துக்கென்று ஒரு மணம் உண்டு. மழை நாளில் அது இன்னும் தூக்கலாக வரும், பசையும் மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தாற்போல. எங்கள் வீட்டில் அந்த மணம் அடுக்களையிலிருந்து வந்தது. மற்ற வீடுகளில் அலமாரித் தட்டுகளுக்குப் பழைய செய்தித்தாளை விரிப்பார்கள். செகந்திராபாத் மெட்டுகூடாவில், ரயில்வே குடியிருப்புகளுக்குப் பின்னால் இருந்த எங்கள் வாடகை வீட்டில், நாங்கள் வெளிநாடுகளை விரித்திருந்தோம். பருப்பு டப்பா ரோமாபுரியின் மேல் உட்கார்ந்திருக்கும். மிளகாய்ப்பொடி பிரமிடுகளுக்கு மேலே. வெனிஸ் நகரத்துக் கால்வாய்களில் வருஷக்கணக்காக நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. "ஏட்டி, சுவிட்சர்லாந்துல புளி இருக்கு, எடுத்துட்டு வா" என்று அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அதை ஒரு வேடிக்கை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. உப்பு எங்கே, புளி எங்கே என்பதற்கு எங்களுக்கு இருந்த அடையாளம் அதுதான்.

பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கும் அதே அட்டைதான். வகுப்பில் எல்லாரும் பழுப்புத் தாள் போட்டு வர, என்னுடைய கணக்குப் புத்தகத்தில் மட்டும் பனிமலையில் ஒரு சிவப்பு ரயில் ஏறிக்கொண்டிருக்கும். கழற்றச் சொன்ன ஆசிரியையே, கழற்றிய பிறகு அதை வாங்கித் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இவ்வளவுக்கும் காரணம் எஸ்தர் சித்தி. அம்மாவின் தங்கை. பாளையங்கோட்டையில் தட்டெழுத்துப் படித்துவிட்டு, வேலை தேடி எங்கள் வீட்டுக்கு வந்து, கிளாக் டவர் பக்கம் ஒரு பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் விமான டிக்கெட் போடும் மேஜையில் உட்கார்ந்தவள். கல்யாணம் முதலில் தள்ளிப்போய், பிறகு அதைப் பற்றி யாரும் பேசாமலும் போய், எங்கள் வீட்டு மனுஷியாகவே ஆகிவிட்டாள். போன சீசனின் சுற்றுலா விளம்பரப் படத்தாள்களை அலுவலகத்தில் தூக்கிப் போடும்போதெல்லாம் ஒரு கட்டு எங்கள் வீட்டுக்கு வரும்.

ஆனால் படங்களை விடப் பெரிய வரவு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான். கோயிலில் ஆராதனை முடிந்து, சோறு உண்டு, பெரியவர்கள் கண் அசரப் போகிற நேரத்தில், எங்கள் முன்னறையில் "ஊர்ச் சேதி" நடக்கும். அந்தப் பெயரை வைத்தவர் அப்பா. விமானக் கம்பெனிகளிலிருந்து வாரம் முழுக்க வந்த சுற்றறிக்கைகளைச் சித்தி நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்து சொல்லுவாள். எந்த நாட்டில் விசா கெடுபிடி, எந்த அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, எந்தக் கோபுரத்துக்குச் சாரம் கட்டி வெள்ளையடிக்கிறார்கள், எந்தத் தேவாலயத்தில் தோள் மூடாமல் போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று ஒன்று விடாமல் வரும். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா முறத்தில் அரிசியோடு வந்து, கல் பொறுக்கியபடியே கேட்பார். எங்கள் கோயிலைச் சேர்ந்த பெண்கள் நாலைந்து பேர் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கும் சாரம் கட்டிய கோபுரத்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனாலும் "அச்சச்சோ, இந்தச் சீசன்லயா?" என்று அங்கலாய்ப்பார்கள்.

சித்தியின் பேச்சுக்கு உயிர் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. தார்நாகாவின் ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து மாநாடுகளுக்குப் போகிற விஞ்ஞானிகள் அவளிடம்தான் டிக்கெட் எடுப்பார்கள். திரும்பி வந்த பிறகு ஏதாவது ஒரு வேலையாக அந்த மேஜைக்கு வந்தே தீர வேண்டும். அப்போது அவர்களைச் சும்மா விடமாட்டாள். "படத்துல இல்லாதது ஒண்ணு சொல்லிட்டுப் போங்க சார்" என்பாள். முதலில் முழிப்பார்கள், பிறகு சொல்லுவார்கள். பாரிஸில் அந்தப் பேர்பெற்ற ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றால் முதலில் தெரிவது ஜனங்களின் பின்மண்டைதான் என்றார் ஒருவர். இஸ்தான்புல் மசூதி முற்றத்தில் பூனைகள் வீட்டுப்பிள்ளைகள் மாதிரிப் படுத்திருக்கும் என்றார் இன்னொருவர். ஜப்பானில் ஒரு கோயில் ஊரில் பிஸ்கட்டுக்காக மான்கள் தலைகுனிந்து வணக்கம் வைக்குமாம். பிரமிடு பாலைவனத்தின் நடுவே தனியாக நிற்கும் என்று நினைத்துப் போனவர், அது ஊரின் விளிம்பிலேயே, நம் ஊர் மவுலாலிப் பாறைக்குன்று வீடுகளுக்கு மேலே எழுந்து நிற்குமே, அப்படி நின்றதைக் கண்டு ஏமாந்து, பிறகு அதனாலேயே அதன்மேல் பிரியம் கொண்டதாகச் சொன்னாராம்.

"வாய் இருந்தா வங்காளம் போகலாம்னு சொல்லுவாக. எங்க கொழுந்தியா ரோமாபுரிக்கே போயிட்டு வந்துட்டா" என்று அப்பா கேலி பண்ணுவார். வீட்டுக்குள் அது கேலி. வெளியே கேட்டவர்களுக்கு அது செய்தியாகிவிட்டது. விமானக் கம்பெனிக்காரர்கள் டிக்கெட் போடுகிறவர்களைக் காசு வாங்காமல் அழைத்துப்போய்க் காட்டுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது உண்மையும்தான், ஆனால் அந்த வாய்ப்புகள் எப்போதும் மேலாளரின் அறையைத் தாண்டி வந்ததில்லை. சித்தி போனேன் என்று சொன்னதில்லை. போனாயா என்று யாரும் கேட்டதுமில்லை. பூனை படுத்திருக்கிற இடத்தைக்கூடச் சொல்கிறவளிடம் அப்படிக் கேட்பார்களா?

நான் எட்டாவது படித்த வருஷம், கோயில் பெண்கள் சங்கம் எருசலேமுக்கு ஒரு பயணம் போவதென்று முடிவு செய்தது. பல வருஷத்து ஆசை அது. சித்தியின் அலுவலகம் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: குழு நிறைந்தால், அதை நடத்திக்கொண்டு போகிறவருக்கு ஓர் இடம் இலவசம். அந்த ஆள் யார் என்பதைக் குழுவே சொல்லலாம் என்றார் மேலாளர். பெண்கள் ஒரே குரலாக எஸ்தர் பெயரைச் சொன்னார்கள். எல்லாம் போய்ப் பழகியவள், நமக்கு என்ன கவலை என்பது அவர்கள் எண்ணம். எஸ்தர் இல்லையென்றால் சாலமன் மாமா என்றும் பேச்சு இருந்தது. அவரும் எங்கள் கோயில்காரர்தான், வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர், ஒருமுறை எருசலேமை நிஜமாகவே பார்த்துவிட்டு வந்தவர்.

சித்தி அந்தச் சேதியோடு வீட்டுக்கு வந்த சாயங்காலம் அவள் முகம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எத்தனையோ பேருக்கு ஜன்னலோர இருக்கை பார்த்துக் கொடுத்தவளுக்கு முதல்முறையாகத் தனக்கென்று ஓர் இருக்கை. சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். காப்பி ஆறுவதற்குள் முகம் வாடிவிட்டது.

"நான் போயிருக்கேன்னு நெனச்சில்லா, அக்கா, என்னைச் சொல்லியிருக்காவ" என்றாள்.

அம்மாவுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "ஏட்டி, யாரு ஒங்கிட்ட கேட்டா? கேட்டாச் சொல்லு. கேக்காததுக்கு எதுக்கு நீயா வாயத் தொறக்க? இதை விட்டா ஒனக்கு வேற எப்பம் கெடைக்கும்?" என்றாள்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். கேலியாக ஒன்றும் வரவில்லை. "சொல்லாமலே போகலாம் எஸ்தர். ஆனா அங்க போயி வழி கேக்கையில மொகத்தை எங்க வச்சுக்கிடுவே?" என்று மட்டும் சொன்னார். சித்தி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாரும் எருசலேம் என்ற சொல்லை எடுக்கவில்லை. அம்மா மட்டும், தன் கம்பளிச் சால்வை ஒன்றைத் துவைத்து வெயிலில் போட்டாள். டிசம்பரில் அங்கே குளிரும் என்று சித்தி எப்போதோ சொன்னது அவளுக்கு நினைவிருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் கூடத்தில் பயணக் கூட்டம். அம்மாவோடு நானும் போயிருந்தேன். சித்தி எழுந்து நின்று, எத்தனை கிலோ கொண்டு போகலாம், தோள் மூடும் உடை, கெய்ரோ வழியாகப் போகிற விவரம் எல்லாம் தெளிவாகச் சொன்னாள். பெத்லகேமில் கோயில் வாசல் எவ்வளவு தாழ்வு என்று சொல்லும்போது, "மந்திரியா இருந்தாலும் குனிஞ்சுதான் போகணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் அடுத்த விவரத்துக்குப் போய்விட்டாள். போனதில்லை என்பதைச் சொல்லாமலே கூட்டம் முடிந்துவிடும் போலிருந்தது.

அப்போது ரோஸ் டீச்சர் கையை உயர்த்தினார். பணி ஓய்வு பெற்றவர், இரண்டு முழங்காலும் தகராறு. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததே செகந்திராபாத்தில். "எஸ்தர், அங்க இயேசு பொறந்த குகைக்குப் படி எறங்கணும்னு சொன்னியே. நீ எறங்கினப்போ கையால பிடிச்சுக்க ஏதாவது இருந்துச்சா? இல்லன்னா நக்கோம்மா, வேண்டாம், நான் மேலயே உக்காந்து ஜெபம் பண்ணிக்கிறேன்."

இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பெரும்பாலான படிகளில் ஏதாவது பிடி இருக்கத்தான் செய்யும். சித்தி கையிலிருந்த பேனாவை மூடினாள்.

"நான் எறங்கினதில்ல டீச்சர். அங்க மட்டுமில்ல, எந்த நாட்டுக்கும் போனதில்ல. விமானத்துலயே ஏறினதில்ல. நான் சொன்னதெல்லாம் போயிட்டு வந்தவங்க சொல்லக் கேட்டது. அந்தப் பிடியைப் பத்தி யாரும் சொல்லல, நானும் கேக்கல."

எனக்குப் பின்னால் யாரோ, "அப்ப அந்தப் பூனை?" என்று மெதுவாகக் கேட்டார்கள். அம்மா முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். சாலமன் மாமா, தன் முறை வந்துவிட்டதென்று புரிந்துகொண்டு, பெருந்தன்மையாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "படியெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல. நான் ஓடியே எறங்கி ஓடியே ஏறிட்டேன்" என்றார்.

"அதான் சாலமன் பயமா இருக்கு" என்றார் ரோஸ் டீச்சர். "நீங்க ஓடிடுவீங்க. தெரியலன்னு சொல்றவ முன்னாடி போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவா. எனக்கு அவ போதும்."

முதலில் சிரித்தது சாலமன் மாமாதான். "ஹவ் டீச்சர், ஆமா, அது நெஜம். வீட்டுலயும் இதே புகார்தான்" என்று உட்கார்ந்துவிட்டார். சிலருக்கு மனத்தாங்கல் இல்லாமலில்லை. இத்தனை ஞாயிறும் பார்த்தவள் சொல்வதாக நினைத்துக் கேட்டோமே என்று ஒரு அக்கா வாசலில் நின்று புலம்பினார். ஆனால் எஸ்தரே வரட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அவருடைய கையும் உயர்ந்தது.

பேகம்பேட்டை விமான நிலையத்துக்கு நாங்கள் எல்லாரும் வழியனுப்பப் போனோம். அம்மா அந்தச் சால்வையைச் சித்தியின் தோளில் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஜன்னல் பக்கம் உட்கார் என்றாள்.

அங்கே நடந்ததை ரோஸ் டீச்சர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பெத்லகேமில் எல்லாரையும் நிழலில் உட்காரவைத்துவிட்டு, சித்தி தனியாக உள்ளே போனாளாம். குழுவை நடத்தி வந்த ஒருத்தி, ஆசைப்பட்டு வந்த இடத்தில் முழந்தாளிடாமல், படிகளில் இறங்கி ஏறி, மறுபடி இறங்கி, காலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்ததை அங்கிருந்த பாதிரியார் ஒருவர் விசித்திரமாகப் பார்த்தாராம். வெளியே வந்து, "நடுவுல வழுக்குது டீச்சர். ஓரமா சுவத்துல கை வச்சுக்கிட்டே போலாம். நான் ஒரு படி கீழ நிக்கிறேன்" என்றாளாம். டீச்சர் இறங்கினார். சித்தி தன் ஜெபத்தை எப்போது செய்தாள் என்று யாருக்கும் தெரியாது.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறை கொள்ளவில்லை. முறத்தோடு வருகிற தெலுங்குக்காரம்மா அன்று முறம் இல்லாமல் வந்தார். இப்போது நிஜமாகவே போய் வந்தவள், இனிப் பேச்சு எப்படி இருக்கும் என்று காத்திருந்தோம். சித்தி கொஞ்சமாகத்தான் பேசினாள். கல் எவ்வளவு சில்லென்று இருந்தது, ஒலிவ மரத்தில் இலைக்கு அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருந்தது என்று இரண்டொன்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாக்காத ஊரைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசிரலாம். பாத்ததைப் பேசத்தான் நாக்கு யோசிக்குது" என்றாள். நான் கேட்டுச் சேர்த்துவைத்த பழமொழிகளுக்கெல்லாம் மேலே இதைத்தான் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகும் ஊர்ச் சேதி தொடர்ந்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால், இது தார்நாகா சார் சொன்னது, இது சுற்றறிக்கையில் வந்தது என்று ஆளைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். கேட்கிறவர்கள் குறையவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

இன்று அந்த அலுவலகம் இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். மெட்டுகூடா வீடு அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது. பேகம்பேட்டையிலிருந்து நமக்கு விமானமும் இல்லை. வழியனுப்பப் புது விமான நிலையத்துக்கு, ஷம்ஷாபாத் வரை போனாலும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும். மாதாப்பூரில் வேலை பார்க்கிற என் மகள் மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் டிக்கெட்டும் அறையும் தானே போட்டுவிடுகிறாள். போகிறவர்கள் பெருகிவிட்டார்கள், அது எனக்குச் சந்தோஷம்தான். போய் வந்ததைச் சொல்வதற்கென்று திரும்பி வந்து நிற்க ஒரு மேஜைதான் இல்லாமல் போய்விட்டது.

சித்தி அல்வாலில் இருக்கிறாள். தலை முழுக்க வெளுத்துவிட்டது, ஞாபகம் வெளுக்கவில்லை. போன மாதம் அங்கே போயிருந்தபோது, டிராவல் லைனில் அத்தனை வருஷம் இருந்தவள் என்பதால், மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், பாட்டி, நீங்கள் மொத்தம் எத்தனை நாடு போயிருக்கிறீர்கள் என்று. வழியில் தரை தொட்ட கெய்ரோவைச் சேர்த்திருந்தால்கூட இரண்டாகியிருக்கும். சித்தி ஒரு விரலை உயர்த்தினாள்.

"ஒண்ணு" என்றாள். "ஏர்போர்ட்டைக் கணக்குல சேக்கக் கூடாது."